பாதரசத் தடம் – 6: மூஞ்சிக்கல் காயலாங்கடை

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1983-ல் கழற்றி மூட்டை கட்டப்பட்டு, கடல் தாண்டி, மலை ஏறிக் கொடைக்கானலுக்கு வந்த கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார்ச் சோலைக்கு மேலே இருக்கும் முகட்டில் அது உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது. செஸ்பரோ பாண்ட்ஸ் என்ற பெயர்ப்பலகை, நிறுவனங்கள் கைமாறியதில், கடைசியில் இந்துஸ்தான் லீவர் என்று மாறியது. ஊர் மட்டும் கடைசிவரை ‘பாண்ட்ஸ் கம்பெனி’ என்றே சொன்னது.

பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கண்ணாடியும் வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போனது. மலையில் தங்கியவை இரண்டு: ஒன்று சம்பளம், இன்னொன்று கழிவு.

அந்தக் கழிவு எப்படி வெளிச்சத்துக்கு வந்தது? அதன் பிறகு, தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு கூட்டம் எப்படித் தன் உடம்பைப் படிக்கத் தொடங்கியது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

★

மூஞ்சிக்கல், கொடைக்கானலின் நெரிசலான கடைத்தெருப் பகுதி. ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், பழைய சாமான் எல்லாம் அங்கேதான். அங்கே ஒரு காயலாங்கடை இருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

அந்தக் கடையில் சாக்கு மூட்டைகள் கிடந்தன. உடைந்த இரும்பும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடக்கும் இடத்தில் இன்னும் சில மூட்டைகளை யார் கவனிப்பார்கள்? சில சாக்குகள் கிழிந்து உள்ளே இருந்தது தரையில் சிந்தியிருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய்த் துண்டுகள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் தண்டுகள். சிலவற்றின் நுனியில், வெள்ளியைக் கரைத்து ஊற்றியதுபோல், பாதரசம் இன்னும் இருந்தது.

பாதரசத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு வசியம் உண்டு. நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தது. சிந்திய ரசத்தைத் தாளால் ஒதுக்கி உள்ளங்கையில் ஏற்றினேன். குண்டுமணி அளவுதான் இருக்கும், ஆனால் கனம். கையைச் சாய்த்தால் ஓடும், குத்தினால் பத்தாக உடையும், சேர்த்தால் ஒன்றாகும், கையில் ஒட்டவே ஒட்டாது. ஒரு தீப்பெட்டியில் போட்டு ஒரு வாரம் வைத்து விளையாடினேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

கையில் ஒட்டாத இந்தப் பொருள் காற்றில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை, தும்மல்கூட வராது. மூச்சில் போகும் ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நுரையீரல் இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. இரத்தத்திலிருந்து அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் தாண்டும்.

பழனி மலை அடிவாரத்து மக்களுக்குப் பாதரசம் அந்நியப் பொருள் அல்ல. போகர் நவபாஷாணத்தால் தண்டாயுதபாணியை வடித்தார் என்று நம்புகிற ஊர் அது. சித்த மருத்துவம் ரசத்தை மருந்தாக்கியது. ஆனால் சுத்தி செய்யாத ரசம் நஞ்சு என்பதையும் அதே மருத்துவம் அழுத்தமாகச் சொல்லி வைத்தது. அப்படிப்பட்ட மலையில்தான், சுத்தி செய்யாத ரசம் ஒட்டிய கண்ணாடி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாக்கில் கிடந்தது.

★

2001 மார்ச் 7.

கிரீன்பீஸ் அமைப்பும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் அந்த மூட்டைகளை ஊருக்குக் காட்டிய நாள் அது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985-லிருந்தே சோலைக்காடுகளுக்காகவும் நீருக்காகவும் கொடைக்கானலில் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பழக்கப்பட்ட எதிரிகள் காடு வெட்டுகிறவர்களும் விதிமீறிக் கட்டடம் கட்டுகிறவர்களும். பாதரசம் புதிது.

மூட்டைகளின் எடை 7.4 டன் என்றார்கள் போராட்டக்காரர்கள். நிறுவனத்தின் கணக்கு வேறு: 5.3 டன் கண்ணாடி, அதில் எஞ்சிய பாதரசம் 0.15 சதவீதம், தன் நடைமுறைக்கு மாறாக விற்கப்பட்டுவிட்டது.

நிறுவனத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 0.15 சதவீதம் என்று எழுதும்போது ஒன்றுமில்லாததுபோல் தெரிகிறது. 5.3 டன்னில் அது ஏறத்தாழ 8 கிலோ. ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசம் அதிகம் போனால் ஒரு கிராம். ஆயிரக்கணக்கான தெர்மாமீட்டர்களை ஒரு கடைத்தெருவில் உடைத்துக் கொட்டினால் எவ்வளவோ, அவ்வளவு.

அன்று ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் தொழிற்சாலையை நோக்கிப் போனார்கள். இந்தத் தொடரின் முதல் பெரிய திருப்பத்தை நான் இந்த ஊர்வலத்தில்தான் பார்க்கிறேன். அதில் தொழிலாளர்களும் இருந்தார்கள். இது சாதாரண விஷயமல்ல.

கொடைக்கானலில் வேலை என்றால் என்ன? ஏப்ரலிலும் மேயிலும் சீசன். ஓட்டல், குதிரை, படகு, சாக்லேட், பழம். மழை பிடித்துக்கொண்டால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். தோட்ட வேலைக்குக் கூலி நாளுக்கு நாள்தான். அந்த ஊரில் மாதாமாதம் சம்பளம், ஷிப்ட், கம்பெனி கோட்டு, பெர்மனென்ட் என்ற சொல் – இவை எல்லாம் ஒரு குடும்பத்தை ஒரு படி மேலே ஏற்றிவிடும். பதினெட்டு, இருபது வயதில் உள்ளே போனவர்கள் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள், வீடு கட்டினார்கள்.

அப்படிப்பட்டவர்கள் வாசலுக்கு வெளியே நின்று கம்பெனியைக் கேள்வி கேட்டார்கள். கம்பெனி மூடினால் முதல் அடி யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தார்கள்.

மறுநாள், மார்ச் 8, உற்பத்தி நின்றது. அந்த ஆண்டு ஜூனில் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்பட்டது.

★

மூடியதும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். கண்ணாடி மூட்டைகளை எடுத்தாயிற்று, கதவைப் பூட்டியாயிற்று. அடுத்து மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் பாம்பார்ச் சோலையிலிருந்துதான் பாம்பாறு இறங்கி, கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் விழுகிறது. அந்த நீர் கடைசியில் வைகைப் படுகைக்குச் சேர்கிறது. எனவே காட்டையும் தண்ணீரையும் பற்றிய கவலை நியாயமானது. பத்திரிகைகள் அதை எழுதின, நிபுணர்கள் வந்தார்கள்.

தொழிலாளர்களின் கேள்வி வேறு. அது மெதுவாகத்தான் மேலே வந்தது.

ஈறு வீங்கி இரத்தம் வருகிறதே, அது எதனால்? முப்பது வயதில் பல் ஆடுகிறதே? டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்குகிறதே? தோலில் தடிப்பு போகவே மாட்டேன் என்கிறதே? கூட வேலை செய்தவர் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாரே? பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட கேள்விகளும் இருந்தன. மாதவிலக்கு ஏன் இப்படி முன்னும் பின்னுமாக வருகிறது? பிள்ளை ஏன் தங்கவில்லை?

இவை ஒவ்வொன்றும் அதுவரை அந்தந்த வீட்டுக்குள் இருந்தன. ஒருவர் உடம்புச் சூடு என்றார். இன்னொருவர் மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். குடிக்கிறான், அதுதான் கை நடுங்குகிறது என்று ஒருவரைப் பற்றி ஊர் சொன்னது. கருச்சிதைவுக்கு மாமியார் வாயில் என்ன காரணம் வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பாதரசத்தின் குணமே இதுதான். அது தனக்கென்று ஒரு தனி நோயைக் காட்டாது. நடுக்கம், மறதி, எரிச்சல், தூக்கமின்மை, ஈறு வீக்கம் – தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரு டாக்டர் ஒரு நோயாளியை மட்டும் பார்த்தால் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊர் தொப்பித் தொழிலுக்குப் பேர்போனது. தொப்பிக்கான உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொழிலாளர்களின் கைநடுக்கத்துக்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வந்தது. ஒரு ஊரில் ஒரே வேலை செய்கிற பலருக்கு ஒரே நடுக்கம் என்று யாரோ சேர்த்துப் பார்த்ததால்தான் அந்தப் பெயர் பிறந்தது.

சேர்த்துப் பார்ப்பது. கொடைக்கானலில் நடக்க வேண்டியிருந்ததும் அதுதான்.

★

இங்கே கொஞ்சம் நின்று சட்டத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஏழைத் தொழிலாளர்கள் கேட்கப்போனது தானம் அல்ல.

1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. கொடைக்கானல் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய அதே ஆண்டு. போபாலுக்குப் பிறகு, 1987-ல், 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் 41-சி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நச்சுப் பொருளோடு வேலை செய்கிற தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் சரியாக வைத்திருக்க வேண்டும், அந்தப் பதிவேடு தொழிலாளிக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்றது அது. 111-ஏ பிரிவு, வேலையிடத்துப் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்தது. பாதரச நஞ்சேற்றம், மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முன்பிருந்தே இருந்தது.

உரிமை எழுத்தில் இருந்தது. ஆனால் அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்?

கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை நடந்தது, சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள் – இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடு அதற்குப் பிறகுதான். முடிவு என்ன என்று எங்களிடம் சொல்லவில்லை என்றார்கள் தொழிலாளர்கள். பரிசோதனைகள் முறைப்படி நடந்தன, பாதரசத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்றது நிறுவனம். அந்த நிலையிலிருந்து அது பின்னர் மாறவே இல்லை.

★

கம்பெனி மூடிய பிறகு முன்னாள் தொழிலாளர்கள் ஒரு நலச்சங்கமாகச் சேர்ந்தார்கள். வேலையில்லாதவர்களின் சங்கம். சந்தா கட்ட வழியில்லாதவர்கள் பலர். கூட்டத்துக்கு வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். மலைக் கிராமத்தில் இருப்பவர் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

சங்கம் ஆரம்பித்ததும் அவர்கள் கையில் இருந்த ஒரே செல்வம் ஞாபகம். யார் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம், எந்த மேசையில் ரசம் அதிகம் சிந்தும், எந்த அறையில் சூளை, உடைந்ததை எங்கே கொண்டுபோய்ப் போட்டோம் – இது எந்தக் கோப்பிலும் முழுதாக இல்லை. அவர்கள் தலைக்குள் இருந்தது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

அந்த ஞாபகம் பட்டியலாக மாறியது. நோயாளிகளின் பட்டியல், இறந்தவர்களின் பட்டியல். வயது, வேலை செய்த காலம், என்ன உபாதை.

பட்டியல் எழுதுவது எளிய வேலை என்று தோன்றும். ஒரு வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பலன், பணம் வருமா என்று அவர் திருப்பிக் கேட்பார். தெரியாது என்றுதான் சொல்ல முடியும். பெண் தொழிலாளியிடம் கருச்சிதைவைப் பற்றி ஓர் ஆண் கேட்க முடியாது. கூட வேலை செய்த இன்னொரு பெண்தான் அடுப்படியில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் கேட்க வேண்டும். கேட்கிறவரும் அதே கதை உள்ளவராக இருந்தால்தான் பதில் வரும்.

இத்தாலியில் 1960-களின் இறுதியில், டூரின் நகரத்துக் கார்த் தொழிலாளர்களோடு இவார் ஒட்டோனே என்ற மருத்துவர் வேலை செய்தார். ஒரே வேலை செய்கிற குழுவினர் கூடி உட்கார்ந்து தங்கள் வேலையிடத்து ஆபத்துகளைத் தாங்களே வரைபடமாக வரைந்தார்கள். எங்கள் உடம்பைப் பற்றிய முடிவை இன்னொருவர் கையில் ஒப்படைக்க மாட்டோம் என்பது அந்த இயக்கத்தின் நிலை. கொடைக்கானல்காரர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நெருக்கடி அவர்களையும் அதே இடத்துக்குத்தான் தள்ளியது.

‘சமூகத்தின் திறன்’ என்று இப்போது பயிற்சி முகாம்களில் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததல்ல அது. ஏற்கெனவே இருந்த அறிவுக்கு ஒரு தாளும் வரிசையும் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளைத் தொடுவதற்கு அச்சம் போக வேண்டியிருந்தது. அச்சம் போவதற்குத்தான் பதினேழு ஆண்டு ஆயிற்று.

★

துணைக்கு வந்தவர்களும் உண்டு. கொடைக்கானலில் கிரீன்பீஸுக்காக வேலை செய்த நவ்ரோஸ் மோடி, சென்னையிலிருந்து நித்யானந்த் ஜெயராமன். பெங்களூரிலிருந்து கம்யூனிட்டி ஹெல்த் செல் மருத்துவர்கள். 1984-ல் தொடங்கப்பட்ட இந்தக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு வெளியே வந்து, மக்களின் நலவாழ்வை மக்களோடு இருந்துதான் புரிந்துகொள்ள முடியும் என்று நம்பியவர்கள் கட்டியது அது.

அவர்கள் முன்னாள் தொழிலாளர்களிடம் முதற்கட்ட ஆய்வு நடத்தினார்கள். பலரிடம் கண்ட ஈறு, தோல் உபாதைகள் பாதரசத்தோடு தொடர்புடையவையாகத் தெரிகின்றன என்றது அந்த ஆய்வு.

நிறுவனம் தன் தரப்பு ஆய்வுகளை முன்வைத்தது. பாதிப்பு இல்லை என்றன அவை. இரண்டு பக்கமும் மருத்துவர்கள், இரண்டு பக்கமும் அறிக்கைகள். நடுவில் நின்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

இந்த இடத்தில் பாதரசத்தின் இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையின் முடிச்சே அதுதான்.

ஆவியாக உள்ளே போன பாதரசம் உடம்பில் அப்படியே தங்கிவிடுவதில்லை. சிறுநீர் வழியாகவும் மலம் வழியாகவும் வெளியேறுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதி போய்விடும். அடுத்த இரண்டு மாதத்தில் மிச்சத்தில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்தில் ஆறு முறை பாதியானால் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூளைக்குள் போனதில் கொஞ்சம் இன்னும் நெடுங்காலம் கிடக்கும் என்கிறார்கள், ஆனால் மூளையை யாரும் சோதனைக்குழாயில் எடுக்க முடியாது.

அதாவது, 2001 மார்ச்சில் வேலை நின்ற ஒருவரின் சிறுநீரை 2002-ல் எடுத்துப் பார்த்தால், அது சாதாரண மனிதனின் சிறுநீர்போலத்தான் இருக்கும். சோதனைத் தாளில் எண் சரியாக இருக்கும். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

நஞ்சு வந்து தங்கி, கெடுக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டு, தடயத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. காலம் தாழ்ந்து எடுக்கும் சோதனை ரசம் போன கண்ணாடிபோல. முன்னால் போய் நின்றாலும் முகம் தெரியாது.

வேலை நடந்த காலத்தில் எடுத்த சோதனை முடிவுகள் எவ்வளவு விலைமதிப்பற்றவை என்று இப்போது புரிகிறதல்லவா? அவைதான் உண்மையான சாட்சி. அவை தொழிலாளிகள் கையில் இல்லை. கையில் இருந்தது ஞாபகத்தால் எழுதிய பட்டியல்.

★

மனித உடம்பு தடயத்தைத் துடைத்தது. மரங்கள் துடைக்கவில்லை.

கொடைக்கானலில் எந்த மரத்தின் அடியைப் பார்த்தாலும் பாசியும், லைக்கன் எனப்படும் மரப்பூவும் படர்ந்திருக்கும். பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, மரப்பூவும் அதே இனம். பாசிக்கும் மரப்பூவுக்கும் வேர் கிடையாது. காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் வருவதைத்தான் குடித்து வாழ்கிறது. காற்றில் என்ன இருக்கிறதோ அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

ஐதராபாத்தில் உள்ள, மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அந்தப் பாசியையும் மரப்பூவையும் சுரண்டி எடுத்துப் போனார்கள். கொடைக்கானலிலிருந்து தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்து மரங்களிலும் எடுத்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. பேரிஜத்து மரப்பூவில் கிலோவுக்கு 7.9 மைக்ரோகிராம் பாதரசம், பாசியில் 8.3. கொடைக்கானல் ஏரிப் பக்கத்திலோ 200, 180 என்ற அளவில் இருந்தது. இருபது மடங்குக்கு மேல். தொழிற்சாலைக்கு வெளியே காற்றையும் அவர்கள் அளந்தார்கள். ஒரு கன மீட்டரில் 1.32 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. சுத்தமான காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

அதே ஆய்வகத்தார் ஏரித் தண்ணீரையும் மீனையும் ஆராய்ந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வு, ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்ததாகச் சொன்னது.

வேலிக்கு வெளியே, பாசிக்கும் மீனுக்கும் இவ்வளவு. வேலிக்கு உள்ளே, மேசையில் குனிந்து எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு?

எனக்கு இந்த ஆய்வைப் படிக்கும்போது ஆறுதலும் கோபமும் சேர்ந்தே வந்தன. மரத்துப் பாசியை அளக்க நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்று மலையேறி வந்தது, அது பெரிய காரியம். ஆனால் தொழிலாளியின் உடம்பை அதே அக்கறையோடு, காலத்தில் வந்து அளந்தவர் யார்?

★

2003 மே மாதம், ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு பெட்டிகளில் அடைக்கப்பட்டு மலை இறங்கியது. தூத்துக்குடியில் கப்பல் ஏறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது. ஏழை நாட்டுக்கு வந்த நஞ்சு பணக்கார நாட்டுக்கே திரும்பிப் போவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்தப் பயணத்தை முழுதாக எழுத ஒரு தனி வாரம் வேண்டும், எழுதுவேன்.

2004-ல், நச்சுக் கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு கொடைக்கானலுக்கு வந்தது. சுத்திகரிப்பைக் கவனிக்க உள்ளூர்க் குழு ஒன்று வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்தது. எவ்வளவு மண்ணைத் தோண்ட வேண்டும், எந்த அளவு பாதரசம் இருந்தால் ‘சுத்தம்’ என்று சொல்லலாம் என்ற கேள்விகள் அதுவரை சென்னையிலும் மும்பையிலும் நாக்பூரிலும் பேசப்பட்டவை. இனி மலையில் வசிப்பவரும் அந்த மேசையில் உட்கார்ந்து பேசலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது கசப்பான கதை. அதற்கும் வருவோம்.

கழிவுக்கு வழி பிறந்தது. மண்ணுக்குக் குழு வேண்டும் என்ற பேச்சாவது எழுந்தது. உடம்புக்கு?

மலையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். சிறுநீரகத்துக்கோ நரம்புக்கோ பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் கிளம்பி, வத்தலகுண்டு இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி, வரிசையில் நின்று, இருட்டிய பிறகு மலையேற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. ஸ்கேனுக்குக் கடன். அந்த டாக்டரும், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பது அபூர்வம். கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லுங்கள், ‘தெர்மாமீட்டர் கம்பெனியில் ரசம் நிரப்பினேன்’ என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள் – சங்கத்தார் தங்களுக்குள் பரப்பிக்கொண்டிருக்க வேண்டிய பாடம் இதுதான். மருந்தைவிட அந்த ஒரு வரி முக்கியம். அதைச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றாக இருக்காது.

★

2006. முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. எங்களுக்கு வைத்தியமும் மறுவாழ்வும் வேண்டும் என்பது கோரிக்கை.

கம்பெனி மூடி ஐந்து ஆண்டு. பாதரசம் பாதியாகிப் பாதியாகி உடம்பிலிருந்து எப்போதோ வெளியேறியிருந்தது. வாலிபத்தில் ரசம் நிரப்பிய கைகளுக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. பட்டியலில் இருந்த சில பெயர்கள், நோயாளிகள் பக்கத்திலிருந்து இறந்தவர்கள் பக்கத்துக்கு மாறியிருந்தன.

நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைக்கப் போகிறது. நிபுணர்கள் ஆவணம் கேட்பார்கள். ஒரு பக்கம், நிறுவனத்தின் பதிவேடுகளும் பாதிப்பில்லை என்று சொல்லும் ஆய்வுகளும். மறுபக்கம், அடுப்படிகளிலும் திண்ணைகளிலும் கேட்டுக் கேட்டு எழுதிய அந்தப் பட்டியல்.

உடம்பிலேயே இல்லாத நஞ்சுக்கு, ஒரு ஊரின் ஞாபகத்தைச் சாட்சியாக அந்த நிபுணர்கள் ஏற்பார்களா?

(தொடரும்)